வயதானவர்கள் வீட்டில் பத்திரமாக நடமாட: வீட்டை ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

வயதானவர்கள் இருக்கும் வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று கிளம்பினால், பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது அலமாரியில்தான். இல்லையென்றால் பரணில் ஏறிவிடுவார்கள். தூசியும் தும்மலுமாக இரண்டு நாள் ஓடும், மூட்டை மூட்டையாகச் சாமான் வெளியே போகும், வீட்டில் ஒரு மனவருத்தமும் வந்து சேரும். இத்தனைக்குப் பிறகும், படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் குறுக்கே ஓடுகிற மின்கம்பி அங்கேயேதான் கிடக்கும்.

பரணில் இருக்கும் பெட்டி யார் காலிலும் இடறுவதில்லை. இடறுவதெல்லாம் தரையில் கிடப்பவை. அதனால் இந்த வேலையின் வரிசையே வேறு: முதலில் நடக்கும் வழி, அடுத்து கை எட்டும் உயரம், கடைசியில்தான் சேர்ந்துபோன சாமான்கள். எத்தனை பொருளைக் கழித்தோம் என்பது இங்கே கணக்கில்லை. அவர் யாரையும் கூப்பிடாமல் எழுந்து, நடந்து, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறாரா என்பதுதான் கணக்கு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். உயிர் பிழைத்தாலும் தொல்லை அதோடு முடிவதில்லை. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறைந்தால் கால் தசை இளைக்கிறது, தசை இளைத்தால் மறுபடி விழும் வாய்ப்பு கூடுகிறது. இதைத் தடுக்க முடியும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வீட்டில் இருக்கும் இடர்களைக் களைந்தால் விழுவது ஏறக்குறைய 26 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. அண்மையில் விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கே துணை தேவைப்படுகிறவர்கள் போன்றோரிடம் அது 38 சதவீதம்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் பேசுங்கள்

இது அவருடைய வீடு. அவர் ஊருக்குப் போயிருக்கும்போதோ மருத்துவமனையில் இருக்கும்போதோ "திரும்பி வரும்போது ஆச்சரியப்படட்டும்" என்று வீட்டை மாற்றிவைக்காதீர்கள். பல வருடப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கூட நடக்கத் தெரிந்த வீடு அது. சொல்லாமல் ஒரு மேசையை நகர்த்தினாலே இருட்டில் அதில் மோதிக்கொள்வார். அதைவிடப் பெரியது மனதில் விழும் அடி. பொருட்களை அப்புறப்படுத்த ஆரம்பித்தால், அடுத்து நம்மையும் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்று பயப்படும் பெரியவர்கள் நிறையப் பேர். வெளியே சொல்லமாட்டார்கள், "அது இருக்கட்டும், இது இருக்கட்டும்" என்று மட்டும் சொல்வார்கள்.

ஆகவே, "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா?" என்று தொடங்காதீர்கள். "ராத்திரி எழுந்து போறப்போ எங்கேயாவது தடுமாறுதாம்மா?" என்று கேளுங்கள். "எந்தப் பொருளை எடுக்கறப்போ கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். கேள்வி பொருளைப் பற்றி இல்லாமல் அவருடைய வசதியைப் பற்றி இருந்தால், அவரே வழிகாட்டுவார். நீங்களே அந்தப் பெரியவராக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்பதை நான் சொல்வேன், தூக்குவதும் நகர்த்துவதும் உங்கள் வேலை.

படி 2: கூடவே நடந்து பாருங்கள்

ஒரு நாள் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, அவர் வழக்கமாக நடக்கும் வழியில் அவரோடு நடங்கள். படுக்கையிலிருந்து கழிவறை, நாற்காலியிலிருந்து சமையலறை, வாசல் கதவு. நடக்கும்போது அவருடைய காலை மட்டும் பார்க்காமல் கையையும் பாருங்கள்.

சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில், கதவு நிலைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப்பிசுக்கும் அழுக்குமாக ஒரு கறை இருக்கும். வெள்ளையடித்த சுவரில் பளிச்சென்று தெரியும். தினமும் அங்கே கை ஊன்றித்தான் அவர் திரும்புகிறார். கதவு நிலையின் ஓரத்தில் வார்னிஷ் தேய்ந்திருக்கும். ஒரு நாற்காலியின் முதுகு மட்டும் மழமழவென்று ஆகியிருக்கும். கைப்பிடி எங்கே வேண்டும் என்று எந்த நிபுணரையும்விடத் துல்லியமாக அந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடும். அதைத் துடைப்பதற்கு முன் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து வரும் எச்சரிக்கையை மறந்துவிட வேண்டாம். வழியை அடைப்பதுபோல் தெரியும் ஒரு மேசையோ நாற்காலியோ அவருக்கு ஊன்றுகோலாக இருக்கலாம். பல பெரியவர்கள் ஒரு சாமானிலிருந்து அடுத்த சாமானுக்குக் கைமாற்றிக்கொண்டேதான் கூடத்தைக் கடக்கிறார்கள். இடம் விசாலமாகட்டும் என்று அதை எடுத்துவிட்டால் நடுவில் பிடிப்பில்லாமல் நிற்பார். எடுப்பதானால் அங்கே சுவரில் கைப்பிடி பொருத்திவிட்டு, அவர் அதற்குப் பழகிய பிறகு எடுங்கள். பிடித்துக்கொள்ளும் சாமான் ஆடக்கூடியது, சக்கரம் வைத்தது என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

ஏற்கெனவே விழுந்திருக்கிறாரா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். எங்கே, எந்த நேரத்தில், காலில் என்ன போட்டிருந்தார், கையில் என்ன வைத்திருந்தார். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று விழுந்ததை மறைப்பது ரொம்பச் சாதாரணம். கோபப்படாமல் கேட்டால்தான் பதில் வரும்.

படி 3: இரவு வழி

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரத்துக்குப் போகலாம்.

படுக்கையிலிருந்து கழிவறை வரை சுமார் 90 சென்டிமீட்டர், அதாவது 3 அடி அகலத்துக்குத் தரை வெறுமையாக இருக்க வேண்டும். நடைச்சட்டம் (வாக்கர்) வைத்து நடப்பவருக்கும் அந்த அகலம் போதும். அந்த வழியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். துவைத்த துணியும் பாதி உடுத்திய துணியும் மலையாகக் குவிந்திருக்கும் ஒரு நாற்காலி கட்டாயம் இருக்கும். அதற்குப் பதில் சுவரில் நாலு கொக்கி போதும். மின்விசிறி, சார்ஜர் கம்பிகளைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஒட்டுங்கள். கம்பியைக் கால்மிதிக்கு அடியில் ஒளித்துவைக்காதீர்கள். அது தடுக்கவும் செய்யும், நசுங்கிச் சூடாகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

கால்மிதி, சிறு விரிப்புகள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரர். அதன் ஓரம் ஒரு விரல் உயரத்துக்குச் சுருண்டிருந்தாலே போதும், பாதத்தை உயர்த்தாமல் இழுத்து நடப்பவரின் விரல்நுனி அதில் மாட்டிக்கொள்ளும். எடுத்துவிடுங்கள். அம்மாவே பின்னியது, எடுக்க மனமில்லை என்றால் சுவரில் மாட்டுங்கள்.

அப்புறம் வெளிச்சம். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குப் போய்ச்சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை பழுப்பேறிவிடுகிறது. இருட்டுக்குப் பழகவும் கண் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கண்ணுக்கு "வெளிச்சமாத்தானே இருக்கு" என்று படுவதை நம்பாதீர்கள். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் சிறு விளக்குகளை முழங்காலுக்குக் கீழே, தரையைக் காட்டும்படி வையுங்கள். மங்கலான மஞ்சள் வெளிச்சம் நல்லது. கண்ணில் அடிக்கும் வெள்ளை வெளிச்சம் கூசவும் செய்யும், தூக்கத்தையும் கெடுக்கும். படுத்தபடியே எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கட்டும்.

படுக்கையோர மேசையில் கண்ணாடி, தண்ணீர், தொலைபேசி, கைவிளக்கு தவிர வேறெதுவும் வேண்டாம். நிறையச் சாமான் இருந்தால், கண்ணாடியைத் தேடித் துழாவும் கை தண்ணீரைத் தட்டிவிடும், அந்த ஈரத்திலேயே கால் வைப்பார். செருப்பு குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வகையாக, அடியில் தேயாத ரப்பரோடு இருக்க வேண்டும். வெறும் காலுறையோடு வழவழப்பான தரையில் நடப்பது ஆபத்து.

கட்டில் உயரமும் இதில் சேர்த்தி. விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். உடனே எழாமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுவது நல்ல பழக்கம். படுக்கையிலிருந்து எழுந்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலைசுற்றல் சாமானால் வருவதில்லை, ஆகவே வீட்டை எவ்வளவு சுத்தமாக்கினாலும் அது போகாது.

படி 4: கூடமும் மாடிப்படியும்

கூடத்தில் கவனிக்க வேண்டியவை முழங்காலுக்குக் கீழே இருப்பவை: தாழ்வான மேசை, கால் வைக்கும் முக்காலி, பூந்தொட்டி, வளர்ப்புப் பிராணியின் கிண்ணம், அடுக்கி வைத்த பழைய பத்திரிகைகள். பார்வை மங்கியவருக்குத் தரையின் நிறத்திலேயே இருக்கும் முக்காலி தெரியவே தெரியாது. ஓரமாக ஒதுக்க முடியாததை, தரைக்கு மாறான நிறத்துத் துணியால் மூடிவையுங்கள். அவர் உட்காரும் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கை வேண்டும். உள்ளே புதைந்துபோகும் மெத்தை நாற்காலியிலிருந்து எழ அவர் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடுகிறார் என்றால் அது அவருக்கு ஏற்றதில்லை.

மாடிப்படியில் ஒரே சட்டம்தான். படியில் ஒரு பொருளும் இருக்கக்கூடாது, "மேலே போகும்போது எடுத்துக்கலாம்" என்று வைக்கும் ஒரு துண்டு கூட. இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் சுவிட்ச், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறப் பட்டை. படுக்கை மாடியில் இருந்தால் அதைக் கீழே கொண்டுவர முடியுமா என்று இப்போதே பேசிவையுங்கள். கால் முறிந்த பிறகு பேசினால் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

படி 5: சமையலறை

இங்கே பிரச்சினை தரையைவிட உயரத்தில் இருக்கிறது. பெரியவரை நிற்கவைத்து, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் எட்டும் தட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் எடுப்பவை எல்லாம் அந்த எல்லைக்குள் வர வேண்டும். கனமானவை இடுப்பு உயரத்தில். எப்போதாவது எடுப்பவை மேலேயும் கீழேயும் போகலாம், ஆனால் அவற்றை எடுப்பது வேறொருவரின் வேலை என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஏறி நிற்கும் முக்காலியை வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். அது இருக்கும்வரை, யாரும் இல்லாத நேரத்தில் ஏறத்தான் செய்வார்கள்.

இந்த எல்லைக்குள் இடம் பிடிக்கவே இங்கே சாமானைக் குறைக்கிறோம். ஒரே வேலைக்கு ஐந்து கரண்டி, மூடி தொலைந்த டப்பா, கைப்பிடி ஆடும் பாத்திரம் முதலில் போகட்டும். கனமான பெரிய பாத்திரத்துக்குப் பதில் இரண்டு கையாலும் பிடிக்கும்படி இலகுவான ஒன்று. அடுப்பைச் சுற்றி 1 மீட்டருக்குள் காகிதம், பிளாஸ்டிக், தொங்கும் துணி எதுவும் கூடாது. அடுப்புக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் காலி மேடை இருக்க வேண்டும். சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி நடப்பதுதான் பல தீக்காயங்களுக்குக் காரணம். தேதி முடிந்த பொட்டலங்களைக் களையும்போது எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவ்வளவு சிறிய எழுத்து அவருக்குத் தெரிந்திருக்காது.

படி 6: குளியலறை

தரையில் நிற்கும் பாட்டில்களை எண்ணிப் பாருங்கள். தீர்ந்தது, பாதி இருப்பது, விருந்தாளிகள் விட்டுப்போனது எல்லாம் சேர்ந்திருக்கும். இன்று பயன்படுத்துவதை மட்டும் மார்பு உயரத்தில் ஒரு தட்டில் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். சோப்பு கீழே விழுந்தால் குனிந்து எடுக்கத் தோன்றும், திரவச் சோப்பு நல்லது.

துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறாரா என்று கவனியுங்கள். அது துண்டின் எடையைத் தாங்கத்தான் பொருத்தப்பட்டது, ஆள் எடையில் கையோடு பெயர்ந்து வரும். படி 2-இல் குறித்த இடங்களில், சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய கைப்பிடிகள் வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகையை நம்ப வேண்டாம். வீட்டில் விரிப்பு இருக்கத் தகுந்த ஒரே இடம் இதுதான், அதுவும் தரையைக் கவ்விப்பிடிக்கும் ரப்பர் அடியோடு. வெந்நீர்க் கருவியின் வெப்பத்தை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் வைத்தால் சுட்டுக்கொள்ளும் ஆபத்து குறையும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

படி 7: மருந்தும் காகிதமும்

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு மேசையில் கொட்டுங்கள். கைப்பை, தலையணை அடி, பழைய சட்டைப் பை எல்லாம் தேட வேண்டும். வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் ஒரே மருந்து இரண்டு அட்டையாக இருப்பது அடிக்கடி நடக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தள்ளாட்டத்தை உண்டாக்கக்கூடியவை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலாவதியானதைக் கழிவறையில் கொட்டாமல், மருந்துக்கடை திரும்பப் பெறுமா என்று கேளுங்கள். மருந்து வைக்கக் குளியலறை ஏற்ற இடமில்லை, ஈரமும் சூடும் அதைக் கெடுக்கும்.

காகிதங்களுக்கு ஒரு கோப்பு. அடையாள ஆவணம், காப்பீடு, ஓய்வூதியம், சொத்துப் பத்திர நகல், மருந்துப் பட்டியல், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள். மற்றதை அவரிடம் கேட்டுக்கேட்டுக் கழிக்கலாம், அவசரமில்லை.

படி 8: நினைவுப் பொருட்கள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இது மெதுவாகத்தான் நடக்க வேண்டும். கடிதங்கள், புகைப்படங்கள், பிள்ளைகளின் பள்ளி நோட்டு, மறைந்துபோன துணையின் உடைகள். வழி திறந்துவிட்டது, கை எட்டுகிறது என்றால் இவை இருப்பதால் ஆபத்து ஏதுமில்லை. மனம் வராதவரிடமிருந்து இவற்றைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. துணையை இழந்து ஒரு வருடம் ஆகாதவரிடம் இந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பது என் வழக்கம்.

தயாராக இருந்தால், காலை நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல், ஒரு பெட்டியை மட்டும் எடுங்கள். "இது வேணுமா, வேண்டாமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் எல்லாவற்றுக்கும் "வேணும்" என்றுதான் பதில் வரும். "இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேளுங்கள். பிடித்ததைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மற்றதில், "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டால் பேர் சொல்லிக் கொடுப்பார். பேத்திக்கு, தங்கை மகனுக்கு என்று தன் கையால் கொடுப்பதில் சந்தோஷம் இருக்கிறது, குப்பையில் போடுவதில் இல்லை. முடிவு செய்ய முடியாதவற்றுக்கு ஒரு பெட்டி, அதன் மேல் தேதி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். கதை சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். அன்றைக்கு ஒரு பெட்டி கூட முடியாவிட்டாலும் பரவாயில்லை.

வேறு மாதிரி அணுக வேண்டிய இரண்டு நிலைமைகள்

மறதி நோய் இருப்பவரின் வீட்டில் இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அவருக்குப் பழைய இடம்தான் வழிகாட்டி. ஒரு வாரத்தில் ஒரு மாற்றம் போதும், அதுவும் பாதுகாப்புக்குத் தேவையானது மட்டும். கண்ணில் படாதது அவரைப் பொறுத்தவரை இல்லாததுதான், ஆகவே அழகாக மூடிவைப்பதைவிடத் திறந்த தட்டுகள் நல்லது. கழிவறைக் கதவிலும் இழுப்பறைகளிலும் படம் ஒட்டுங்கள்.

இன்னொன்று, வீடு முழுக்கச் சாமான் நிறைந்து, கட்டிலில் படுக்கக் கூட இடமில்லாமல், ஒரு காகிதத்தைத் தொட்டாலும் துடித்துப்போகிறார் என்ற நிலைமை. இது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. பதுக்கல் கோளாறு என்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. ஆட்களை வைத்து ஒரே நாளில் காலி செய்தால் அவர் நம்பிக்கை உடையும், வீடு சில மாதங்களில் மறுபடி நிறையும். வாசல், படுக்கை, கழிவறை, அடுப்பு ஆகிய நான்குக்கும் வழி திறக்க மட்டும் சம்மதம் வாங்குங்கள். மீதிக்கு மனநல உதவி வேண்டும்.

படி 9: விழுந்தாலும் கூப்பிட முடிய வேண்டும்

எல்லாம் செய்தும் விழலாம். விழுந்தவர் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பது, சில சமயம் விழுந்த அடியைவிட மோசமான விளைவுகளைத் தரும். தொலைபேசி மேசை மேல் இருந்தால் தரையில் கிடப்பவருக்கு எட்டாது. கழுத்தில் மாட்டும் அழைப்பு மணியோ, சட்டைப் பையில் கைபேசியோ, தரையிலிருந்து எட்டும் உயரத்தில் இன்னொரு தொலைபேசியோ இருக்கட்டும். மாற்றுச் சாவி ஒன்று பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் இருப்பது அவசியம்.

தினமும் படுக்கப் போகுமுன் இரவு வழியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டால் வீடு பழையபடி ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. மருத்துவமனையிலிருந்து திரும்பினாலோ, புது மருந்து தொடங்கினாலோ, கைத்தடியிலிருந்து நடைச்சட்டத்துக்கு மாறினாலோ, அந்த வாரமே படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். உங்கள் பகுதியில் தொழில்வழி சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கிடைத்தால் அப்போது அவரையும் வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள். கைப்பிடி எந்த உயரத்தில், கட்டில் எந்தத் திசையில் என்று அளந்தே சொல்லிவிடுவார்.